இரண்டரை நொடிச் சுணக்கம்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: சுயம்புலிங்கம், வயது நாற்பத்தாறு, உடலால். அவர் மனைவி பிரம்மசக்தி, வயது நாற்பத்தொன்று, அலையால். அலைத்துறைச் சோதகர் ஜெனிட்டா, உடலால். ஜெனிட்டாவின் தாய், அலையால், மகளின் காதுக்குள் மட்டும்.

திசைவியை, அதாவது ரவுட்டரை, மாற்றும்போது படிவத்தில் முதலில் நிரப்ப வேண்டிய கட்டம் அது. ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைத் தலையை எண்ணிச் சொல்லும் காலம் போய்விட்டது. உடலால் இருப்பவருக்குச் சோறு வேண்டும், அலையால் இருப்பவருக்கு வேகம் வேண்டும். இரண்டாவது கணக்குதான் அலைத்துறைக்கு முக்கியம்.

"மதினி எங்க இருக்காங்க அண்ணாச்சி?" என்று ஜெனிட்டா கேட்டாள்.

"நிலாவுல. தென்முனைக் குழி. ஐஸ் வெட்டுத எடம்."

"எத்தன வருசமாச்சு?"

"அஞ்சு. அடுத்த மாசம் ஒப்பந்தம் தீருது."

உடன்குடியிலிருந்து ஒரு காலத்தில் துபாய்க்குப் போனார்கள். இப்போது குலசேகரன்பட்டினத்தில் ஏவுகலம் ஏறி நிலாவுக்குப் போகிறார்கள். வழியனுப்ப வந்தவர்கள் கம்பி வேலிக்கு இந்தப்பக்கம் நின்று அழுவதும், ஒரு வாரத்தில் பழகிப்போவதும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

சுயம்புலிங்கம் பழகிப்போகவில்லை. கடல்நீர் ஆலையில் வடிகட்டிகளைக் கழுவும் எந்திரங்களை மேய்த்துவிட்டு, தினமும் மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்து குளித்து, கண்வில்லையை மாட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் நிற்பார். கூடம் பரோட்டாக் கடையாக மாறும். இணைக்கடை என்பது அந்த விளையாட்டின் பெயர். இவர் கல்லில் வீசிப் போடுவார், பிரம்மசக்தி இலை போட்டுப் பரிமாறி, சால்னா ஊற்றி, வாய் பேசும் வாடிக்கையாளனை வாயாலேயே அடக்குவாள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. சுணங்கினால் பரோட்டா கருகும். மாவட்டத்து இணைக்கடைகளில் இவர்களுடையது பதினோராவது இடத்தில் இருந்தது.

முதல் நான்கு வருடங்கள் கருகிக்கொண்டேதான் இருந்தது. அவள் பேச்சு அறுந்து அறுந்து வரும். இந்தப் பதினான்கு மாதமாகத்தான் எல்லாம் கூடி வந்திருக்கிறது. லயன் தானாகவே கொஞ்சம் வேகமானது. அவளும் மாறிவிட்டாள். அலுத்துக்கொள்வதில்லை, பழசைக் கிளறுவதில்லை, இவர் சொல்லும் ஆலைக் கதைகளுக்குச் சிரிக்கிறாள். தூரம் அவளைப் பக்குவப்படுத்திவிட்டது என்று ஆலையில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

இன்று அவளிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வந்துவிடு. இதைப் பழைய திசைவியில் கேட்க அவருக்கு மனமில்லை. கேள்வி போய், நின்று, திக்கி, பதில் பாதியில் அறுந்தால் அதை எப்படிப் புரிந்துகொள்வது? அதற்காகத்தான் விளையாட்டுக்காரர்களுக்கென்றே செய்த திசைவிகளில் மூன்றைச் சோதித்துப் பார்க்க வரவழைத்திருந்தார்.

ஜெனிட்டா மூன்றையும் தரையில் வரிசையாக வைத்தாள். விற்பனைப் பெயர்கள் அவள் வாயில் நுழைவதில்லை. எட்டுக் கொம்போடு மல்லாந்து கிடந்ததை நண்டு என்றாள். கூரையில் கவிழ்த்து ஒட்ட வேண்டியது கும்பா. வெள்ளையாக, ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது தட்டு.

அவள் கண்கள் நடுவில் ஒருமுறை சொருகி மீண்டன.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. அம்மா லயன்ல இருக்கு. என் பதிலி பேசிக்கிட்டிருக்கு. ஏதாவது முக்கியம்னா தட்டும்."

பதிலி என்பது அவரவர் குரலையும் பேச்சையும் கற்றுக்கொண்டு அவரவருக்காகப் பேசும் நிரல். வேலை நேரத்துக்கென்று வந்தது.

"பெத்த தாய்கிட்டயா பதிலிய விடுத?" சுயம்புலிங்கம் சிரித்தார். "நல்லாருக்கும்மா நியாயம்."

"எங்கம்மா ஒரே கதைய ஒம்பது தடவ சொல்லும் அண்ணாச்சி. பதிலி ஒம்பது தடவையும் 'அப்படியாம்மா'ங்கும். நானா இருந்தா சண்ட வந்துரும்." அளவியைக் கையில் எடுத்தாள். "அலைத்துறைச் சோதனைத் தளத்த வச்சுத்தான் அளக்கணும். அதான் விதி."

"எனக்கு எதுக்கு உங்க தளம்? நான் பேசப்போறது என் பொண்டாட்டிகூட. அவள வச்சு அள."

"விதி…"

"வேகம் வாங்குதது யாருக்கு? அவளுக்குத்தான?"

ஜெனிட்டா தோளைக் குலுக்கிக்கொண்டு அளவியை இணைக்கடையோடு பிணைத்தாள். இனி சுயம்புலிங்கம் பேசி, மனைவி பதில் சொல்ல எவ்வளவு நேரமாகிறது என்பதை அது காட்டும்.

அவர் கண்வில்லையை மாட்டிக்கொண்டதும் பிரம்மசக்தி கல்லாவுக்குப் பின்னால் தோன்றினாள். நீலச் சேலை, இழுத்துச் சொருகிய முந்தானை. "என்னங்க, கடையத் திறக்காம ஆள் வச்சு வேடிக்க பாக்கீங்க?"

"புது ரவுட்டர் போடுதோம். சும்மா பேசிக்கிட்டே இரு."

"சும்மா பேசச் சொன்னா எனக்குக் கசக்கவா செய்யும்?"

நண்டு கூடத்தில் தாக்குப்பிடித்தது. அவர் பேசிக்கொண்டே அடுக்களைக்குப் போனதும், அங்கிருந்த உப்புநீர்த் தொட்டி அலையைக் குடித்துவிட்டது. மூன்று நொடி, ஐந்து நொடி, மறுபடி மூன்று. ஜெனிட்டா அதைப் பெட்டிக்குள் போட்டாள். கும்பா தன் அலையில் பாதியை மேல்வீட்டுக்குத் தானம் செய்தது. ஒன்றேமுக்கால் நொடி. அந்த எண்ணைப் பார்த்து ஜெனிட்டா புருவத்தைச் சுருக்கினாள். அளவியைத் தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "பழசாயிட்டு இது," என்றாள்.

தட்டைச் சுவரில் மாட்டியதும் கூடமே மாறியது. பிரம்மசக்தியின் கழுத்தில் வியர்வை தெரிந்தது. சேலை மடிப்பு ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. சுயம்புலிங்கம் ஒரு அடி முன்னே வைத்தார். ஜெனிட்டா நிற்பதையும் மறந்து கேட்டுவிட்டார்.

"அடுத்த மாசம் வந்துருவியாட்டி?"

"வராம எங்க போவேன்?"

கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. யோசிக்கவில்லை, மூச்சுவிடவில்லை. ஐந்து வருடத்தில் அப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை. கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார். அங்கே கல் கிடையாது என்பதால் கை காற்றில் நின்றது.

"கேட்டியாம்மா? கேட்டியா?" என்று ஜெனிட்டாவிடம் திரும்பினார்.

ஜெனிட்டா அளவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாப்பது மில்லி நொடி."

"நல்லதுதான?"

"ரொம்ப நல்லது." அவள் அளவியை அணைத்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள். "இதையே போட்டுருவோம். கையெழுத்து மட்டும்…"

"மூஞ்சி ஏன் அப்படிப் போவுது?"

இதற்குத்தான் விதி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது.

"அண்ணாச்சி, வெளிச்சம் நிலாவுக்குப் போக ஒண்ணேகால் நொடி. திரும்பி வர ஒண்ணேகால். எந்த ரவுட்டர் போட்டாலும் ரெண்டரைக்குக் கீழ வராது. இது நாப்பது மில்லி. நம்ம ஊர் அலைக் கோபுரத்துல இருந்துதான் வருது."

சுயம்புலிங்கம் அவளையே பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"என்னங்க?" என்றாள் பிரம்மசக்தி, உடனே.

பழைய திசைவியே மூன்று நொடி விழுங்கும். அதை நிலாவின் தூரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். லயன் தானாக வேகமான மாதம் எது என்று இப்போது கணக்குப் பார்த்தார். பதினான்கு மாதத்துக்கு முன்.

நிலாவுக்கு நேர் லயன் ஒன்று உண்டு. சாவுச் செய்திக்கும் பிரசவச் செய்திக்கும் உள்ளது. அதில் பதிலியை வைக்க முடியாது. சுயம்புலிங்கம் அதைத் திறந்தார். படம் இல்லை, குரல் மட்டும். கடையில் நின்றிருந்த நீலச் சேலை உறைந்தது.

"என்னாச்சு? யாருக்கு என்ன?" அவள் குரல்தான். கரகரப்பாக, தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல் இருந்தது.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. புது ரவுட்டர் போட்டேன்."

ஒன்று. இரண்டு. அரை.

"ஓ," என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து, "கண்டுபிடிச்சிட்டீங்களா."

"எதுக்குட்டி?"

ஒன்று. இரண்டு. அரை.

"நாலு வருசமா மாத்துங்கன்னு சொன்னேன். பாப்போம் பாப்போம்னீங்க. ஒருநாள் நான் அழுதுகிட்டு இருக்கேன், நீங்க கெக்கெக்கென்னு சிரிக்கீங்க. முன்னாடி நான் சொன்ன தமாசு அப்பதான் உங்களுக்கு வந்து சேந்திருக்கு. அதுக்கப்புறம் என்னால முடியல, பதிலிய விட்டுட்டேன்."

"சொல்லியிருக்கலாம்லா."

"நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன். ஒரு வாரத்துல தெரிஞ்சிரும், சண்ட போடுவீங்கன்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா, 'இப்பதான் நீ பழைய பிரம்மசக்தியா இருக்க'ன்னு பதிலிகிட்ட சொன்னீங்களாம். அது எனக்குக் குறிப்பு அனுப்பிச்சு."

ஜெனிட்டா பெட்டிகளைக் கட்டுவதுபோல் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"அடுத்த மாசம் வாரியா?"

இந்தமுறை இரண்டரை நொடியைத் தாண்டியது.

"இன்னும் அஞ்சு வருசத்துக்குப் போட்டுட்டேன். பதிலிகிட்ட சொல்லச் சொல்லியிருந்தேன். அது சொல்லலையா?"

"வராம எங்க போவேன்னு சொல்லிச்சு."

"அது உங்களுக்குப் பிடிக்காதத சொல்லாது," என்றாள். திட்டுவதுபோல் இல்லை, ஒரு கருவியின் குறையைச் சொல்வதுபோல் இருந்தது. "இங்க பாருங்க. வியாழக்கெழம எனக்கு அரை மணி நேரம் இருக்கு. நானே வாரேன். கடையெல்லாம் வேண்டாம், எனக்கு அந்த வெளையாட்டு எப்பவுமே ஆகாது. சும்மா பேசுவோம். நீங்க கேளுங்க, நான் சொல்லுதேன்."

சுயம்புலிங்கம் வாயைத் திறந்தார். என்ன கேட்பது? அவளுடைய முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று தெரியாது. யாரோடு சாப்பிடுகிறாள் என்று தெரியாது. பதினான்கு மாதமாக அவர் ஒன்றும் கேட்டதில்லை, ஆலைக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டரை நொடி போனது. பத்து நொடி போனது. மறுமுனையில் யாரோ இருமும் சத்தமும் ஒரு எந்திரத்தின் இரைச்சலும் வந்தன.

"பாக்கேன்," என்றார்.

ஒன்று. இரண்டு. அரை.

"சரி," என்று அவள் வைத்துவிட்டாள்.

உறைந்திருந்த நீலச் சேலை அசைந்தது. "என்னங்க, கல்லு காயுது. வாரீங்களா இல்லியா?"

சுயம்புலிங்கம் அதற்குப் பதில் சொல்லாமல் சுவரில் மாட்டியிருந்த தட்டைப் பார்த்தார். தொட்டுக்கூடப் பார்த்தார். லேசாகச் சூடாக இருந்தது.

"எம்மா, இதுல சுணக்கத்தக் கூட்ட முடியுமா?"

ஜெனிட்டா நிமிர்ந்தாள். "கூட்டவா?"

"ரெண்டரை நொடி."

அவள் ஆச்சரியப்படவில்லை. தட்டின் அமைப்புகளைத் திறந்து, மூன்றாம் பக்கத்தின் கடைசி வரிக்குப் போனாள். செயற்கைச் சுணக்கம் என்று இருந்தது.

"விளம்பரத்துல இத எழுதலையே," என்றார் சுயம்புலிங்கம்.

"எப்படி எழுதுவாங்க? வேகம்னு சொல்லித்தான விக்காங்க. ஆனா இது இல்லாத ரவுட்டர் இப்பல்லாம் திரும்பி வந்துருது. இந்த மாடியிலயே மூணு வீட்டுல போட்டுக் குடுத்திருக்கேன்." எண்ணைத் திருகி இரண்டரையில் நிறுத்தினாள். "போதுமா? குரல்ல கொஞ்சம் கரகரப்பும் சேக்கவா? நெசமா இருக்கும்."

"கொஞ்சமா."

படிவத்தை நீட்டும்போது அவள் விரல் முதல் கட்டத்தில் நின்றது. "அண்ணாச்சி, வருகைல மதினி பேரு எழுதியிருக்கேன். அடிச்சிரவா?"

சுயம்புலிங்கம் கீழே கையெழுத்துப் போட்டார். "இருக்கட்டும்."

நண்டையும் கும்பாவையும் பழையதையும் சுமந்துகொண்டு ஜெனிட்டா வாசலுக்குப் போனாள். செருப்பை மாட்டும்போது அவள் கண்கள் சொருகின. இம்முறை உடனே மீளவில்லை. காதுக்குப் பின்னால் விரலை வைத்து, பதிலியை விலக்கிவிட்டு, "அம்மா, நாந்தான்," என்றாள். மறுமுனையில் என்ன கேட்டதோ, "இல்ல, நெசமா நாந்தான்," என்றாள் மறுபடி. பிறகு முகம் சிவந்து, "இப்ப எதுக்கு ஏசுத?" என்றபடியே படியிறங்கினாள்.

சுயம்புலிங்கம் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி, கூடத்தைத் திரும்பிப் பார்க்காமல், "கடையத் திறப்போமாட்டி?" என்று கேட்டார்.

ஒன்று. இரண்டு. அரை.

"வாங்க, ஆளுக நிக்காங்கல்லா," என்று கரகரப்பாகப் பதில் வந்தது.

படியில் இறங்கிக்கொண்டிருந்தவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.