மதாமுக்கு வேர்க்கடலை

ஜாம்பா பெரிய மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுது. லோமாமி ஆற்றுக் காட்டில் வெயில் மேல்கிளைகளோடு நின்றுவிடும், தரைக்கு இறங்கும் வழக்கம் அதற்கு இல்லை. அழுகிய இலையும் பழைய பிசினும் கலந்த வாடை அடித்தது. தோளிலிருந்த கூண்டை இறக்கி வைத்தான். உள்ளே மதாம் ஒற்றைக் காலில் நின்றபடி அவனைப் பார்த்தாள்.

மதாம் ஒரு சாம்பல் கிளி. உச்சிக் கிளையில் கட்டிவிட்டால் காட்டுக் கிளிகளைக் கூவி அழைப்பாள். வந்தவை சுற்றிலும் பூசிய பிசினில் ஒட்டிக்கொள்ளும். அழைப்புக்கிளி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கிளியின் முன்னால் பேசக் கூடாது, எல்லாம் சீழ்க்கைதான். மனிதப் பேச்சு கிளிக்கு ஒட்டிக்கொண்டால் கூட்டம் மிரண்டுவிடும்.

லோதி இதை மதித்ததே இல்லை. ஜாம்பாவின் மனைவி பிலோமெனுக்கு அவன் தம்பி. இறகு முளைக்கும் முன்பே மதாமை எடுத்து வளர்த்து, நாள் முழுக்க அவளோடு அரட்டை அடித்தான். அவளும் பிலோமெனைக் கண்டால் "அக்கா, கடலை" என்று அச்சு அசலாக லோதியின் குரலில் கேட்பாள். சொத்தைக் கடலை கொடுத்தால் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கிக்கொள்வாள். ஆனாலும் அவள் கூவினால் ஆற்றின் அக்கரைக் கிளிகள்கூட வழி கேட்டுக்கொண்டு வந்து சேரும்.

மதாம் தனக்கு வேண்டும் என்று ஜாம்பா கேட்டான். லோதி சிரித்தான்.

"அக்காவைத்தான் குடுத்தாச்சே மச்சான். மதாமையும் குடுத்துட்டா எங்க வீட்டுல பேச யாரு இருக்கா?"

பதின்மூன்று நாளைக்கு முன், இதே மரத்தின் உச்சியில், விழாமலிருக்க லோதி தன்னை மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த கொடியை ஜாம்பா வெட்டினான். லோதி விழவில்லை. பக்கத்துக் கிளையைப் பற்றித் தொங்கினான். ஜாம்பா அந்தக் கிளையை வெட்டினான். ஏதோ கைதவறி வெட்டுகிறான் என்றுதான் லோதி கடைசிவரை நினைத்தான்.

"மச்சான், பாத்து. என் விரல் இருக்கு."

டக். டக். டக்.

சுற்றியிருந்த கிளிகள் எல்லாம் எழுந்து பறந்தன. கட்டியிருந்த மதாம் மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடி அறுந்து லோதி விழுந்து செத்துவிட்டான் என்று ஜாம்பா ஊரில் சொன்னான். பிலோமென் தலையை மழித்துக்கொண்டு அழுதாள். தம்பியின் கிளி அவள் வீட்டுக்கு வந்தது. வந்த நாளிலிருந்து அது வாய் திறக்கவில்லை.

இன்று காலை பிலோமென் கீரை இடித்துக்கொண்டிருந்தபோது கூண்டிலிருந்து சத்தம் வந்தது. டக். டக். டக். அவள் உலக்கையை நிறுத்தினாள்.

"இது இடிக்கிற சத்தம் இல்லையே. எதையோ வெட்டுற மாதிரி இருக்கு."

அடுத்த வார்த்தை வருவதற்குள் ஜாம்பா கூண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். விஷயம் வெளியே வந்தால் லோதியின் ஆட்கள் அவனைத் துண்டு துண்டாக்கிவிடுவார்கள்.

இப்போது கூண்டுக்குள் கையை விட்டான். மதாம் கடிக்கவில்லை. கழுத்து அவன் விரல்களுக்கு நடுவே இருக்கும்போது மெல்லச் சொன்னாள்:

"மச்சான், பாத்து."

முறுக்கினான். பச்சைக் குச்சி முறிவது போல ஒரு சத்தம்.

காடு அமைதியானது.

டக்.

மேலிருந்து வந்தது.

டக். டக்.

அண்ணாந்து பார்த்தான். கிளைகளே தெரியாத அளவுக்குச் சாம்பல் கிளிகள். அன்று பறந்துபோன கூட்டம் இன்றுதான் திரும்பியிருந்தது. ஒன்று தொடங்கியது, பிறகு எல்லாமே லோதியின் குரலில் சொல்லின.

"என் விரல் இருக்கு. என் விரல் இருக்கு."

இந்தக் கூட்டம் அந்தி சாய்ந்தால் ஊர்ப் பனைகளில்தான் போய் அடையும்.

அதற்குள் எல்லாவற்றையும் பிடித்தாக வேண்டும், ஜாம்பாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மரத்தடியில் எப்போதும் வைத்திருக்கும் பிசின் குடுவையை இடுப்பில் செருகி, செத்த மதாமைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். உச்சியில் தன்னைக் கொடியால் மரத்தோடு கட்டிக்கொண்டு, கிளையெல்லாம் பிசின் பூசி, பிணத்தை உயிருள்ளது போல நிறுத்திக் கட்டினான். கூவுவதற்குத்தான் கிளி இல்லை. தானே சீழ்க்கை அடிக்கலாம் என்று உதட்டைக் குவித்தான்.

சீழ்க்கை முதலில் மதாமிடமிருந்து வந்தது.

முறிந்த கழுத்து முழுவட்டமாகத் திரும்பியது.

அவள் அழைத்தாள். கூட்டம் இறங்கியது, ஆனால் கிளையில் அல்ல, அவன்மேல். பதறிப்போய்ப் பிடித்த கிளையில் இரண்டு கைகளும் பிசினில் ஒட்டிக்கொண்டன. பனங்கொட்டையை உடைக்கும் அலகுகள். ஒரு கிளி ஒரு விரலை எடுத்துக்கொண்டது. அவசரப்படவில்லை. முதல் கணுவில் தோலை உரித்து, எலும்பைப் பிளந்து, அடுத்த கணுவுக்குப் போனது. மற்றவை கொடியைக் கடித்தன. டக். டக். ஜாம்பா தன் விரல்களுக்காகக் கெஞ்சினான்.

அவை அதையும் கவனமாகக் கேட்டுக்கொண்டன.

மூன்றாம் நாள் ஊர் ஆட்கள் அவனை மரத்தடியில் கண்டெடுத்தார்கள். இரண்டு கைகளிலும் விரல் என்று ஒன்றும் இல்லை. மதாமைக் கட்டிய கிளையில் வெறும் நூல் தொங்கியது. அத்தனை நாளும் ஊர்ப் பக்கம் வராத கிளிக்கூட்டம் அன்று அந்தியில் பனைகளுக்கு மேலே பறந்தபோது லோதியின் குரலும் ஜாம்பாவின் குரலும் மாறி மாறிப் பேசின. நடந்ததை ஊரே தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது. பிலோமென் புருஷனுக்காக அழவில்லை. காலிக் கூண்டை மட்டும் துடைத்து வாசலில் மாட்டினாள்.

மறுநாள் அவள் கீரை இடிக்க உட்கார்ந்தாள். கூண்டில் யாரும் இல்லை.

"அக்கா, கடலை."

ஒரு பிடி வேர்க்கடலையைக் கூண்டில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரம் கழித்து வந்து பார்த்தபோது கடலை ஓடுகள்தான் கிடந்தன. ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

எதிலும் அலகு பட்ட தடம் இல்லை. கட்டைவிரலால் அழுத்தி, பக்குவமாக இரண்டாகப் பிளந்திருந்தது.