முப்பத்தேழாவது கூடு

முப்பத்தேழாவது கூட்டில் மட்டும் மருந்து சற்று உயர்ந்திருந்தது.

ஆர்டித் நிலவறை மேசையில் டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்தாள். ஐம்பது குழிகள் வைத்த மரக்கட்டையில் ஐம்பது பித்தளைத் தோட்டாக் கூடுகள் வாய் திறந்து நின்றன. டார்ச் வெளிச்சம் உள்ளே இறங்கும்போது ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே ஆழத்தில் சாம்பல்நிற வெடிமருந்து தெரிய வேண்டும். இந்தப் பெரிய கூட்டுக்கு அவள் கணவன் வெர்லின் போட்டது சின்ன அளவுதான், அதுதான் ஆபத்தும். தவறி இரண்டு முறை போட்டுவிட்டாலும் வழியாது. கூடு அமைதியாக வாங்கிக்கொள்ளும், துப்பாக்கிதான் தாங்காது.

போன ஏப்ரலில் வெர்லினின் துப்பாக்கி தாங்கவில்லை. வெர்லினும்தான்.

கூட்டை எடுத்துத் தராசுத் தட்டில் கவிழ்த்தாள். சரியாக இரண்டு மடங்கு. ஒருமுறை மட்டும் அளந்து போட்டு, குழியில் வைத்து, டார்ச் அடித்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"இன்னும் முடியலையா?" மேலே சமையலறையிலிருந்து ஓரின் குரல் கொடுத்தான். "உன் காபி ஆறிப்போச்சு."

"நீயே குடிச்சுக்கோ. ஓசின்னா உனக்குத்தான் எறங்குமே."

துப்பாக்கிக் கழகத்தில் பாதுகாப்பு விதிகளைச் சொல்லித்தருபவன் ஓரின். இருபது வருடங்கள் வெர்லினோடு மான் வேட்டைக்குப் போனவன். வெடித்துப் பிளந்த வெர்லினின் துப்பாக்கியைக் கழகச் சுவரில் மாட்டி, கீழே 'கவனம் தவறினால் இதுதான்' என்று தன் கையால் எழுதி வைத்தவனும் அவனே. புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு முதலில் காட்டுவது அதைத்தான்.

தோட்டா போட உட்கார்ந்தால் ரேடியோவைக்கூட அணைத்துவிடுகிற மனுஷன் வெர்லின். மேசைமேல் இரண்டாவது மருந்து டப்பா இருக்க விடமாட்டான். ஐம்பதையும் டார்ச் அடித்துப் பார்ப்பான், பிறகு கட்டையைத் திருப்பி வைத்து மறுபடி பார்ப்பான்.

"சனிக்கிழமை நிஜமாவே சுடப்போறியா?" ஓரின் படியின் உச்சியில் வந்து நின்றான். பனி உருகிய பூட்ஸின் ஈரநாற்றம் கீழே இறங்கி வந்தது.

"ஐம்பதும். அவன் போட்ட அதே அளவு, அதே குண்டு, என் துப்பாக்கி. நீங்க எல்லாரும் வரிசையா நின்னு பாருங்க. கடைசித் தோட்டா போனதும் சுவத்துல இருக்கறதை எறக்கிக் குடுக்கணும்."

"பேப்பர் ஆபீஸ் எழுத்தை உருக்கிக் குண்டு ஊத்தினவன் அவன். உலகத்துல யாரு செய்வா அதை?"

"கெட்டியான ஈயம். உனக்குக் கெடைக்கலைன்னு இத்தனை வருஷமா எரிச்சல்."

ஓரின் சிரித்தான். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மறுபடி காபி ஊற்றிக்கொள்கிறான் போலும்.

எழுத்துகளைக் கொண்டுவந்தது ஆர்டித்துதான். ஊர் வாரப் பத்திரிகையில் பத்தொன்பது வருடம் அவள் அச்சுக்கோத்தாள். பத்திரிகை மூடிய அன்று, அலமாரியில் மிச்சமிருந்த ஈய வரிகளை இரண்டு பால்கேன்களில் அள்ளிக்கொண்டு வந்தாள். எல்லாம் மரண அறிவிப்புகள். தலைகீழாக இருந்தாலும் அவளால் அவற்றைச் சரளமாக வாசிக்க முடியும். "யார் யாரோட பேரெல்லாமோ இருக்கே, ஆர்டி," என்று வெர்லின் தயங்கினான். "ஈயந்தானே, உருக்கு," என்றாள் அவள். உருக்கும் சட்டியில் அந்தப் பெயர்கள் ஓரம் மழுங்கி, வளைந்து, ஒவ்வொன்றாக அமிழ்ந்ததை அவள் அருகில் நின்று பார்த்திருந்தாள்.

அதில் வார்த்த குண்டுகளில் கடைசி ஐம்பது இப்போது மேசை ஓரம் வரிசையாக நின்றன.

ஜன்னலுக்கு வெளியே நாலு மணி வெளிச்சம் பனியில் நீலமாக மாறிக்கொண்டிருந்தது. ஹீட்டர் ஒருமுறை செருமிவிட்டு நின்றது. அந்த நிசப்தத்தில், உப்பு கொட்டுவதைப் போல, மிக மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. சரசரவென்று சில நொடிகள். பிறகு இல்லை.

டார்ச்சை அடித்தாள். முப்பத்தேழு உயர்ந்திருந்தது.

கைதான் தவறியிருக்கும் என்று நினைக்க ஆசையாக இருந்தது. ஊரே வெர்லினைப் பற்றி அப்படித்தான் நினைத்தது. அதனாலேயே அவள் அப்படி நினைக்கவில்லை. கூட்டைக் கவிழ்த்தாள். அளக்கும் கருவியில் இருந்த மருந்தை டப்பாவில் திருப்பிக் கொட்டி மூடியை இறுக்கினாள். மேலே போய் டப்பாவை ஓரினின் மடியில் வைத்தாள்.

"இதைப் பிடிச்சுக்கோ. நான் கேக்கறவரைக்கும் கீழ வைக்காத."

"என்னாச்சு உனக்கு? மூஞ்சியே வெளுத்திருக்கு."

"பிடி."

கீழே இறங்கினாள். பதினோரு படி. பழைய மையின் வாசனை. இந்த நிலவறைக்குள் மை வந்ததே கிடையாது. காலியாக வைத்துவிட்டுப் போன முப்பத்தேழாவது கூட்டில் டார்ச் அடித்தாள்.

அடியில் மருந்து கிடந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தாள். மேலிருந்து எதுவும் விழவில்லை. மருந்து அடியிலிருந்து ஏறியது. பொடிப்பொடியாக. மெதுவாக. அவசரமே இல்லாமல்.

"ஓரின்."

"என்ன?"

"டப்பாவோட வா."

அவன் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். டப்பா கையில், மூடி மூடியபடி. டார்ச் வெளிச்சத்தில் குனிந்தான். நெடுநேரம் நிமிரவில்லை.

"ஆர்டித்... இது..."

"வெர்லின் ரெண்டு தடவை பாத்திருப்பான். எப்பவும் ரெண்டு தடவை. பாத்து முடிச்சு, குண்டை எடுக்கக் கையை நீட்டற அந்த ஒரு நிமிஷத்துல இது ஏறியிருக்கு. சொல்லு. தப்பு பண்ணினானா?"

"மேல போயிடலாம் வா."

"சொல்லு."

ஓரின் மறுபடி கூட்டுக்குள் பார்த்தான். "அவன் தப்பு பண்ணல."

"எறக்குவியா?"

"இன்னைக்கே எறக்கறேன். தயவுசெஞ்சு வந்துடு, ஆர்டித்."

"நீ போ. டப்பாவை எடுத்துட்டுப் போ."

படிகள் அதிர்ந்தன. கதவு. வண்டி உறுமி, பனியில் வழுக்கி, தூரமானது. வெர்லினின் பெயர் சுத்தமாகிவிட்டது. அவளும் போயிருக்கலாம். ஆனால் ஏப்ரலில் அவன் தனியாக இந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோது இதே சத்தம் அவன் முதுகுக்குப் பின்னால் கேட்டிருக்கும். அதை விட்டுவிட்டு எழுந்துபோக அவளுக்கு மனம் வரவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வலது கட்டைவிரலை முப்பத்தேழின் வாயில் வைத்து அழுத்தினாள்.

"உங்க ஒவ்வொருத்தர் பேரையும் நான்தான் கோத்தேன்," என்றாள். "பத்தொன்பது வருஷம். ஒரு எழுத்துகூடத் தப்பா விட்டதில்ல. உருக்கச் சொன்னதும் நான்தான். அவன் தயங்கத்தான் செஞ்சான். கேக்கணும்னா என்கிட்ட கேட்டிருக்கணும்."

சரசரப்பு நின்றது.

மை வாசனை நெருங்கி வந்தது. பித்தளை குளிர்ந்தது. கட்டைவிரலின் அடியில் ஏதோ தட்டுப்பட்டது. பொடி. பிறகு பொடி இல்லை. உள்ளேயிருந்து ஒரு விரல்நுனி அவள் விரலைத் தொட்டு, பொறுமையாக மேலே தள்ளியது.

"மாட்டேன்," என்றாள். இன்னும் அழுத்தினாள்.

அது தள்ளியது. அவள் விடவில்லை. ஜன்னலில் நீலம் கருத்தது.

அப்போது பக்கத்துக் குழியில் சரசரவென்றது. இடது கட்டைவிரலை அதன் மேல் வைத்தாள். அதற்கப்பால் இன்னொன்று. மேல் வரிசையில் ஒன்று. கீழ் வரிசை முழுவதும்.

மேசை ஓரத்தில் சாய்ந்து கிடந்த டார்ச் வெளிச்சத்தில், மற்ற நாற்பத்தெட்டு வாய்களும் விளிம்புவரை நிரம்பி, அவள் பக்கமாக மெல்லச் சாய ஆரம்பித்தன.