அவள் வைக்காத பெயர்

ஃபைலுக்குப் பெயர் கேட்கும் கட்டம் திறந்தபோது நாகஜோதி இன்னும் ஓர் எழுத்தும் தட்டவில்லை. அதற்குள் அதில் பெயர் இருந்தது. கீதாஞ்சலி. அவளுடைய ஆறு வயது மகள்.

முதலிபாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஓர் எம்பிராய்டரி யூனிட்டுக்கு டிசைன் போடுகிறவள் நாகஜோதி. ட்ரையல் ஃபைல்களுக்கெல்லாம் மகள் பெயரை வைப்பது அவள் பழக்கம். மற்றவர் ஃபைலோடு கலக்காது, தேடினால் சட்டென்று கண்ணில் படும். போன மாதம்தான் விட்டாள். "புள்ள பேர வெச்சு ஊசி குத்தறது வேண்டாங்கக்கா" என்று மெஷின் ஓட்டும் அருள்குமார் சொன்னதிலிருந்து அவளுக்கும் மனசு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மறுநாள் காதர்பேட்டை ஜவுளிப் பார்ட்டிக்குச் சாம்பிள் போக வேண்டும் என்பதால் அவர்கள் இரண்டு பேர் மட்டும் வந்திருந்தார்கள். மெஷின் எண்ணெயும் புதுத் துணியும் கலந்த வாடை, வெயிலில் தகரக் கூரை விட்டு விட்டு நெட்டி முறிக்கிற சத்தம், அதற்கு நடுவே யாரோ தன் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படிப்பது போன்ற ஓர் உறுத்தல்.

"அருளு, என் சிஸ்டத்துல கை வச்சியா?"

"இல்லீங்கக்கா. நான் நூல் மாத்திட்டிருந்தேனுங்க."

இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகம் அவனுக்கு. அவள் நம்பவில்லை.

பார்ட்டி பெயரும் ஸ்டைல் நம்பரும் அடித்து சேவ் செய்தாள். ஃபோல்டரில் கீதாஞ்சலி என்றே விழுந்தது. டெலீட் செய்தாள். மறுபடி வந்தது. பெயருக்குப் பின்னால் டிஎஸ்டி என்ற எக்ஸ்டென்ஷனை சாஃப்ட்வேர் தன் இஷ்டத்துக்கு ஒட்டும், அது பழகிப்போன விஷயம். பெயராவது தன் கையில் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

அருள்குமாரை டீ வாங்க அனுப்பிவிட்டு ஷட்டரை உள்ளே பூட்டினாள். இனி எப்படிச் செய்கிறான், பார்க்கலாம்.

ஃபைலைத் திறந்தாள். அவள் போட்டது ரோஜாப்பூ. திரையில் பூ இல்லை. மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு, இரண்டையும் சேர்த்துக் குறுக்கே சிவப்புத் தையல்கள். அகலம் நாலு சென்டிமீட்டர். என்ன உருவம் என்று பிடிபடவில்லை.

டிஎஸ்டி இல்லாத ஃபைலை மெஷின் படிக்காது. பெயரிலிருந்து டிஎஸ்டியை அழித்து டெக்ஸ்ட் ஃபைலாக மாற்றினாள். ஃபைல் பயன்படாமல் போகலாம், மாற்றட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. போகட்டும். எஸ் அழுத்தினாள்.

பின்னால் மெஷின் ஓடத் தொடங்கியது.

ஃபிரேமில் துணி இல்லை. சிவப்பு நூல் கோனிலிருந்து உருவி உருவிக் கீழே இறங்கியது. இறங்கிய நூல் எங்கும் சேரவில்லை. மெயின் சுவிட்சை அணைத்தாள். ஃபேன் நின்றது. விளக்கு போனது. மெஷின் நிற்கவில்லை. கூப்பிட அருள்குமாரும் இல்லை.

போன் அடித்தது. மகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி. வீடியோ கால்.

"ஜோதி, புள்ள இவ்வளவு நேரம் பாடிட்டுதான் இருந்தா. இப்ப வாயத் தொறக்க மாட்டேங்கா. செவப்பா என்னமோ ஒட்டியிருக்கு. நீயே பாரு."

கீதாஞ்சலி நேராகப் பார்த்தாள். உதட்டோரத்தில் சிவப்பு. மிட்டாயா?

டக் என்றது மெஷின். உதட்டில் இன்னொரு கோடு விழுந்தது.

நாகஜோதி நூலைப் பிடித்து இழுத்தாள். போனில் மகளின் தலை வெடுக்கென்று முன்னால் வந்தது. கண்ணில் நீர். தையல் பிரியவில்லை. இறுகியது.

பாதி வாய் பாக்கியிருந்தது. ஊசி இறங்கியது.