மேற்குப் பொந்து

ஃபோதினி நான்கு நாளாக இருமவில்லை.

ஆறு வயதுப் பிள்ளை. அக்டோபர் தொடங்கி தினமும் நெஞ்சு பிளக்க இருமியவள், பட்டணத்து டாக்டர்கள் மூன்று பேர் மாற்றி மாற்றிக் கொடுத்த மருந்துக்கெல்லாம் அடங்காதவள், சட்டென்று நிறுத்திவிட்டாள். வேறு ஒருத்தியாக இருந்தால் மாதா படத்துக்கு முன் எண்ணெய் விளக்கை ஏற்றிவிட்டு அடித்துப் போட்டாற்போல் தூங்கியிருப்பாள். ஸ்டமாத்தியாவும் விளக்கை ஏற்றத்தான் செய்தாள். தூக்கம்தான் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் மூச்சுச் சத்தமே இல்லை. எழுந்துபோய் மகளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். மூச்சு வரும். ஒன்று வந்து அடுத்தது வருவதற்குள் ஸ்டமாத்தியா ஆறு தரம் மூச்சு விட்டு முடித்திருப்பாள்.

இன்று பள்ளிக்கு அனுப்ப மனம் வராமல் தன்னோடு அருங்காட்சியகத்துக்குக் கூட்டி வந்திருந்தாள். அருங்காட்சியகம் என்று பலகைதான் சொல்கிறது. உள்ளே ஒன்றரை அறை. ஒரு செக்குக்கல், எண்ணெய் பிழிகிற ஆட்டுமயிர்ப் பாய்கள், ஆள் உயர மண்ஜாடிகள் நான்கு, சுவரில் ஒரு பழைய ரம்பம், மீசை வைத்த கிழவர்களின் புகைப்படங்கள். ஜனங்கள் பஸ் பிடித்து வருவது இதற்காக அல்ல. வாசலுக்கு எதிரே நிற்கும் ஆலிவ் மரத்தைப் பார்க்கத்தான். கிரீட் தீவிலேயே அதற்கு மூத்த மரம் கிடையாது என்று ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். அடுத்த மலையூர்க்காரர்களும் தங்கள் மரத்தைப் பற்றி அதையேதான் சொல்கிறார்கள். நடுத்தண்டு உளுத்துக் காலியாகிவிட்டதால் எண்ணிப் பார்க்க வளையம் இல்லை, ஆகவே யாரும் யாரையும் மறுக்க முடியாது. எதிர்க் காப்பிக்கடை பொலிக்சேனி ஒவ்வொரு பஸ்ஸுக்கும் மரத்துக்கு நூறு வயது கூட்டிவிடுவாள். ‘பொந்துக்குள் நுழையாதீர்கள்’ என்று மரத்தடியில் பலகை எழுதி வைத்தவள் ஸ்டமாத்தியாதான்.

மதியம் ஏதென்ஸிலிருந்து ஒரு பஸ் நிறைய ஓய்வுபெற்றவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு அம்மாள் ஃபோதினியின் தலையை ஆசையாக வருடினாள். வருடிய கையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

“பாப்பா இப்படி ஜில்லுனு இருக்காளேம்மா. ஒரு ஸ்வெட்டர் போட்டுவிடக் கூடாதா?”

“ரெண்டு போட்டிருக்கா” என்றாள் ஸ்டமாத்தியா.

“எனக்குக் குளுரலையே” என்றாள் ஃபோதினி. சிரித்தாள். காலையிலிருந்து அவள் ஜன்னலடியில்தான் நிற்கிறாள். வெயில் தரையில் நகர நகர அவளும் நகர்ந்திருந்தாள்; நகர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார வைக்கலாம் என்று அக்குளில் கைகொடுத்துத் தூக்கியபோது ஸ்டமாத்தியாவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. போன வாரம் ஒற்றைக் கையில் தூக்கிய பிள்ளை. கூந்தலில் சோப்பு வாசம் போய், செக்கடியில் குவித்துப் போட்ட ஈரப் பிண்ணாக்கின் புளித்த வாசம் அடித்தது.

பஸ் போனதும் அவள் பொலிக்சேனியின் கடைக்குப் போனாள். நோய்ப்பட்ட பிள்ளையை மரப்பொந்தில் நுழைத்து எடுக்கும் பழைய வைத்தியம் தெரிந்த வேறு ஆள் இப்போது ஊரில் இல்லை.

“அக்கா, ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடி பிள்ளையை மரத்துல நுழைச்சு எடுத்தேன்.”

“பலகை எழுதி வெச்ச மகராசியே நுழைச்சியாக்கும்.” பொலிக்சேனி காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். “நல்லதுதான்டி. எங்கம்மா என்னையும் நுழைச்சா. சட்டையைக் கழட்டிக் கிளையில கட்டினியா?”

“கட்டினேன்.”

“கிழக்குப் பொந்துல உள்ள, மேற்குப் பொந்துல வெளிய. மூணு தரம். நீ மேற்குல நின்னு வாங்கிக்கணும். வாயைத் திறக்கக் கூடாது.”

“ரெண்டு தரம் சரியா வந்தாக்கா. மூணாவது தரம் உள்ளயே நின்னு அழ ஆரம்பிச்சுட்டா. மேற்குப் பக்கம் கைக்கு எட்டல. எனக்கு மனசு கேக்கல. பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டு, சுத்தி ஓடிப்போய்…”

பொலிக்சேனி திரும்பினாள்.

“எந்தப் பக்கமா எடுத்த?”

“கிழக்குப் பக்கமா.”

“போன வழியாவேவா?”

காப்பி பொங்கி அடுப்பில் வழிந்து கருகியது. பொலிக்சேனி அதைக் கவனிக்கவே இல்லை. கண்ணாடிக்கு வெளியே, சதுக்கத்துக்கு அந்தப் பக்கம், ஜன்னலடியில் நிற்கும் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருமல் நின்னுடுச்சா?”

“நின்னுடுச்சு.”

“சாப்பிடறாளா? பேசறாளா?”

“ம்.”

“அப்ப விட்டுரு. இருக்கறதை வெச்சுக்கோ.”

“இருக்கறதைன்னா என்னக்கா அர்த்தம்?”

“அடுப்பைத் துடைக்கணும்டி, போ” என்றாள் பொலிக்சேனி. அவள் கண் கலங்கியிருந்தது.

நாலரைக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. மலையிலிருந்து ஈரக்காற்று இறங்கி, எண்ணெய் ஆலையின் புகையையும் நனைந்த மண்ணையும் ஆட்டுக்கிடை வாசத்தையும் கலந்து கதவிடுக்கில் தள்ளியது. ஸ்டமாத்தியா விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தாள். ஜாடிகளின் நிழல் சுவரில் ஏறி, புகைப்படக் கிழவர்களின் முகங்களை மூடி, கூரை விட்டம் வரை போய் நின்றது. அப்போதுதான் அவள் அந்த இருமலைக் கேட்டாள். வறண்ட, மூன்று முறை அடுக்கி வரும், கடைசியில் விசிலடித்து முடியும் இருமல். எந்தக் கூட்டத்திலும் அவளுக்கு அடையாளம் தெரியும் இருமல்.

சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது அவளுக்கு. “கண்ணு” என்று திரும்பினாள்.

ஃபோதினி செக்குக்கல்லின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது.

மறுபடி இருமல். வெளியிலிருந்து.

ஸ்டமாத்தியா ஓடினாள். கிழக்குப் பொந்து இருந்த இடத்தைக் கையால் தடவினாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பிள்ளை குனியாமல் நுழைந்த வாசல் அது. இப்போது முறுக்கிய பட்டை. நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு, தையல் போட்ட தழும்பு மாதிரி. அவள் சுற்றிக்கொண்டு மேற்கே ஓடினாள். அங்கே இன்னும் ஒரு துளை மிச்சம் இருந்தது. தலை நுழையாது. கை நுழையும்.

நுழைத்தாள். முழங்கை வரை.

உள்ளே சூடான சின்னக் கை ஒன்று அவள் விரல்களைப் பற்றியது. காய்ச்சல் சூடு.

“அம்மா.” குரல் ரொம்பத் தூரத்தில் கேட்டது. “நான் நடந்துக்கிட்டே இருக்கேன்மா. வாசலே வரமாட்டேங்குது.”

“இதோ இருக்கேன்டா. அம்மா கையைப் பிடிச்சுக்கோ. விடாத.”

“நீயும் விடாதம்மா.”

சுவரில் மாட்டிய ரம்பம் நினைவுக்கு வந்தது. இருபது அடி தூரம். எடுக்கப் போக வேண்டுமானால் இந்தக் கையை விட வேண்டும். ஒரு தரம் விட்ட கை மறுபடி கிடைக்கும் என்று யார் சொன்னது? பக்கத்தில் நிழல் ஆடியது. ஃபோதினி வந்து நின்றிருந்தாள். இரண்டு ஸ்வெட்டர். தொங்கவிட்ட கைகள்.

“நீ யாரா வேணா இரு” என்றாள் ஸ்டமாத்தியா. குரல் உடைந்தது. “உள்ள போய் அந்த ரம்பத்தை மட்டும் எடுத்துட்டு வா. உன்னையும் வளக்கறேன். சத்தியமா வளக்கறேன்.”

அவள் அசையவில்லை.

வண்டி வெளிச்சம் மரத்தின் மேல் விழுந்தது. மனூசோஸ் ஆலையில் ஆலிவ் மூட்டைகளை இறக்கிவிட்டு, மனைவியையும் மகளையும் கூட்டிப்போக வந்திருந்தான்.

“மரத்துக்குள்ள கையை விட்டுட்டு என்னடி பண்ற?”

“பிள்ளை உள்ள இருக்கா. ரம்பத்தை எடுத்துட்டு வாங்க. சீக்கிரம்.”

அவன் மரத்தைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தான். பிறகு மூன்று மாதமாகச் சரியாகத் தூங்காத மனைவியை வெகுநேரம் பார்த்தான்.

“இதோ நிக்கறாளே ஸ்டமாத்தி.”

“இவ இல்லங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். சத்தம் வரும், கேளுங்க.”

அவன் குனிந்து ஃபோதினியைத் தூக்கினான். தூக்கும்போது முனகினான். “நல்லா உடம்பு போட்டுட்டாளே” என்று சொல்லி, வண்டியில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினான்.

அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. மூன்று அடுக்கு. விசில்.

மனூசோஸ் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். “இந்தக் குளுர்ல நிக்க வெச்சா இருமாம என்ன செய்வா? மறுபடி ஆரம்பிச்சாச்சு. முதல்ல அவளை வீட்ல விட்டுட்டு, டாக்டரோட வரேன். நீ எங்கயும் போயிடாத, என்ன?” அவன் குரலில் கோபம் இல்லை. அழுகைதான் இருந்தது. அதனால்தான் அவளால் அவனைத் திட்டக்கூட முடியவில்லை.

வண்டி இறங்கிப் போயிற்று. பின்கண்ணாடியில் ஒரு சின்ன முகம். அசையாமல்.

காப்பிக்கடை விளக்கு அணைந்தது.

துளையின் விளிம்பு அவள் முழங்கையைச் சுற்றித் தொட்டது. ஜில்லென்று. கொஞ்சம் முன்பு கை தாராளமாக நுழைந்த துளை. அவள் கையை எடுக்கவில்லை.

“கண்ணு. இருக்கியா?”

பதிலுக்கு விரல்கள் இறுகின. இருக்கிறாள். அது போதும். காலை வரை இப்படியே நின்றுவிடலாம். யாராவது வருவார்கள். வெட்டுவார்கள்.

அப்போது இன்னொரு கை வந்தது.

அதுவும் சின்னது. அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. அதன்மேல் மற்றொன்று, இன்னும் சின்னது, நகம் வளர்ந்தது. பிறகு வேறொன்று. இருட்டில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, அவசரம் அவசரமாக, விரலுக்கு விரல். இடம் கிடைக்காதவை மணிக்கட்டைப் பற்றின.

எல்லாமே காய்ச்சலாய்க் கொதித்தன.

எது ஃபோதினியின் கை என்று அவளுக்குத் தெரியவில்லை.