விருந்தினர் அனுமதி

கொடியில் கிடந்த பிள்ளையின் துணிகளை வாரி அணைத்துக்கொண்டு தனஞ்சயன் திரும்பியபோது முன்கதவு சாத்தியிருந்தது. காற்றில்லை. மழை நேராகத்தான் விழுந்துகொண்டிருந்தது. கதவுக்குச் செங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்துவிட்டே முற்றத்தில் இறங்கியிருந்தான். அந்தச் செங்கல் இப்போது படிக்கு வெளியே, யாரோ எடுத்து ஓரமாக வைத்ததுபோல இருந்தது.

கைபேசியில் திறக்கும் பொத்தானை அமுக்கினான். வட்டம் சுழன்றது. உரிமையாளரின் அனுமதி தேவை என்றது.

சனியன்.

வீடு அவன் மனைவி தர்சிகாவின் சீதனம். சாவித்துவாரமே இல்லாத இந்தப் பூட்டைப் பொருத்த வந்த றுவைஸ், அதனால் கணக்கையும் அவள் பெயரிலேயே திறந்தான். "அக்காதான் வீட்டுக்காரி. அண்ணன், நீங்க விருந்தாளி. சண்டை பிடிச்சீங்க எண்டா வெளியிலதான் படுக்கை." மூன்று பேரும் சிரித்தார்கள். பிள்ளை பிறந்து ஒரு கிழமைக்குள்ளேயே தர்சிகா காய்ச்சலில் போய்விட்டாள். கணக்கு சாகவில்லை. அதைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு அவன் மாதக்கணக்காகக் கம்பனியோடு மாரடித்துக்கொண்டிருந்தான்.

உள்ளே பிள்ளை அழத் தொடங்கியது.

பின்கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள். யன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. பக்கத்து வீட்டார் உப்புவெளிக்குக் கலியாணத்துக்குப் போயிருந்தார்கள். தோளால் கதவை இடித்தான். முதிரை மரம், அசையவில்லை. கம்பனியை அழைத்தான். பாட்டு ஓடியது. பிள்ளையின் அழுகை ஏறியது. பாட்டு நின்று ஒரு பெண்குரல் வந்தது.

"வணக்கம் சேர், உங்கட பெயர் இதில விருந்தினர் எண்டுதான் இருக்கு. உரிமையாளரோட கதைக்க ஏலுமா?"

"அவ செத்திட்டா, தங்கச்சி."

"மன்னிக்கோணும் சேர். அப்ப மரணச் சான்றிதழை அனுப்பினீங்களெண்டால்..."

"அனுப்பினனான். எத்தனை தரம் அனுப்பிறது? பிள்ளை உள்ள தனிய கிடக்கு. கதவைத் திறவுங்கோ!"

"எங்களால திறக்க ஏலாது சேர். உரிமையாளருக்கு ஒரு கோரிக்கை மட்டும் அனுப்பலாம்."

"யாருக்கு அனுப்பப் போறீங்கள்? சுடலைக்கா?"

விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மம்மல் பொழுது கறுத்து வந்தது. துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது. ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று, மதிலோரம் மழைக்கு ஒதுங்கி நின்றது, காதுகளை விறைத்துக்கொண்டு அவனைத் தாண்டிக் கதவையே பார்த்தது. அப்போதுதான், கதவின் அடியிடுக்கால், பிள்ளை பெற்றவளுக்கென்று காய்ச்சும் சரக்குக்கறியின் மணம், மிளகும் உள்ளியும் சீரகமும் கொதித்து ஒன்றாகிய அந்தச் சூடான மணம், அவன் நனைந்த கால்களைத் தடவிக்கொண்டு மேலேறி வந்தது.

குசினியில் அவன் அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

மான் ஒருமுறை நிலத்தை உதைத்துவிட்டு ஓடியது.

"சேர்," என்றாள் அந்தப் பெண். குரல் இளகியிருந்தது. "ஏன் சேர் என்னோட பகிடி விடுறீங்கள்? அவ மறுத்திட்டா."

"யார்?"

"உரிமையாளர். வீட்டுக்குள்ள இருந்துதான். இப்ப விருந்தினர் அனுமதியையும் எடுத்திட்டா. வீட்டுப் பிரச்சினையெண்டால் நீங்களே கதைச்சுத் தீருங்கோ, சேர்."

கைபேசியைப் பார்த்தான். அவன் பெயர் இருந்த இடம் வெறுமை.

அழுகை நின்றது.

தேம்பி ஓயவில்லை. சட்டென்று நின்றது. வாய் எதையோ கவ்விக்கொண்டதுபோல.

மழை. பிறகு, மழைக்குள்ளே, கூரை வளையில் பிள்ளைக்குச் சேலையால் கட்டிய ஏணையின் கயிறு முனகும் சத்தம். கிறீச். நின்று, கிறீச். அதனிடையே பிள்ளை முட்டி முட்டிப் பால் குடிக்கும் சத்தம்.

துணிகள் கையிலிருந்து நழுவின. யன்னலுக்குப் போனான். கண்ணாடியைத் துடைத்தான். உள்ளே இருட்டு. கண் இருட்டுக்குப் பழகும்வரை முகத்தைக் கம்பியில் அழுத்தினான்.

முழங்கால் உயரத்துக்குக் கட்டியிருந்த ஏணை நிலத்தை உரசும்படி தொய்ந்து கிடந்தது. சேலைக்குள் பெரிய உடம்பொன்றின் வளைவு. கனமாக, மெல்ல, ஆடியது.

ஆட்டுவோர் இல்லை.

சேலையின் விளிம்பால் இரண்டு பாதங்கள் வெளியே நீண்டு, ஒன்றாகவே நிலத்தை ஊன்றி, ஒன்றாகவே உந்தின. அவற்றின் பெருவிரல்கள் வெள்ளைத் துணிக்கீற்றால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.