உப்புக் கரித்த தேத்தண்ணி

தேத்தண்ணி உப்புக் கரித்தது.

நல்லமுத்து ஒரு மடக்குக் குடித்து, நாக்கைச் சப்பிப் பார்த்து, கோப்பையைக் கீழே வைத்தார்.

"உப்ப அள்ளிப் போட்டியா? கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு?"

"நான் ஒண்ணுமே போடல. கையில கருப்பட்டி இருக்குல்ல, கடிச்சுக்கிட்டுக் குடிங்க." பேச்சியம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். "கடலப் பாத்துட்டு வந்த நாள்லருந்து எதுல வாய வச்சாலும் ஒங்களுக்கு உப்பு. நாக்க அங்கயே கழட்டி வச்சுட்டு வந்திருக்கலாம்."

அவர் நம்பவில்லை. கடைக்காரன் தராசையும் நம்பமாட்டார், தலைவர்மார் பேச்சையும் நம்பமாட்டார், பெண்டாட்டி போட்ட தேத்தண்ணியை மட்டும் நம்புவாரா? எழுந்து, தண்ணீர் விழுகிற பீலிக்குப் போனார். மலைக்குள்ளிருந்து வருகிற தண்ணீர்; பல்லைக் கூசவைக்கும், வேர் வாசம் அடிக்கும். கையேந்திக் குடித்தார். அதுவும் கரித்தது. பீலிக்குக் கீழே கிடந்த கல்லின் இடுக்கில் விரலைவிட்டுத் துழாவினார். மணல் வந்தது. வெள்ளை மணல். தேயிலை மலையான வட்டவளையில் வெள்ளை மணலை எவன் கண்டான்?

கழுவிவிட்டார். மனதிலிருந்து அது போகவில்லை.

தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டு ஆட்களெல்லாம் சேர்ந்து திருகோணமலைப் பக்கம் ட்ரிப் போய் வந்து அதிக நாளாகவில்லை. டிரைவர் பாஹிமின் வேனில் பாட்டும் வாந்தியுமாகப் போனார்கள். மலைக்கோயிலைக் கும்பிட்டார்கள், வெந்நீர்க் கிணற்றில் ஆளுக்கு ஒரு வாளி ஊற்றிக்கொண்டார்கள், மீன்பிடிக் கிராமம் ஒன்றில் ஓலைக் கொட்டகை எடுத்துத் தங்கி, நண்டு தின்றார்கள், சிப்பி பொறுக்கினார்கள், பெண்கள் சேலையோடு அலையில் உட்கார்ந்து சிறுபிள்ளை மாதிரிக் கத்தினார்கள். நல்லமுத்து கணுக்கால் அளவுக்கு இறங்கினார். காலுக்கடியில் மண் உருவிக்கொண்டு போனது பிடிக்காமல் கரையேறிவிட்டார். நின்ற இடத்தையே திருடுகிற தண்ணீரை என்னவென்று நம்புவது?

மறுநாள் விடியற்காலை வாய் கொப்பளிக்கக் கரைக்குப் போனபோது கடலைக் காணவில்லை. வெள்ளையாக மூடிக் கிடந்தது. அந்த வெள்ளையைப் பார்த்ததும் முதல்முறையாக அவருக்கு அந்த ஊர் சொந்த ஊர் மாதிரி இருந்தது. அப்போதுதான் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"ஊ...ய்."

மலையில் பனி மூடினால் பக்கத்தில் நிற்கிற ஆளின் முகம் தெரியாது. வழி தப்பினவர் "ஊய்" என்பார். கேட்டவர் யாராக இருந்தாலும் திருப்பி "ஊய்" என்று சொல்லியே ஆகவேண்டும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் தப்பினவர் பள்ளத்தில் விழாமல் வந்துசேர்வார். ஜென்மப் பகையாளி கூப்பிட்டாலும் பதில் கொடுப்பார்கள். கொடுக்காதவனை லயத்தில் மனிதனாக மதிக்கமாட்டார்கள்.

நல்லமுத்து யோசிக்கவே இல்லை. வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, "ஊ...ய், இங்க வா!" என்று கத்தினார்.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருத்தி முந்தானையை அள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் பக்கத்தில் வந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

"என்னத்துக்கு மறுமொழி சொன்னீங்கள்? தண்ணிக்குள்ள இருந்து கூப்பிட்டா நாங்க வாய் திறக்கிறேல்ல."

"ஆளு யாராச்சும் தவிச்சுக்கிட்டு இருந்தா?"

"ஆள் இல்ல அது."

வலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திமிர் பிடித்தவள் என்று அவர் நினைத்தார்.

ஊருக்கு வந்த பிறகு அந்தச் சத்தம் முதலில் ஆற்றுப் பக்கம் கேட்டது. சாயங்காலம் பனி இறங்குகிற நேரம், ரயில் போய் அதன் இரைச்சல் அடங்கின பிறகு, வெகு கீழே, வாய்க்குள் தண்ணீர் வைத்துக்கொண்டு கூப்பிடுகிற மாதிரி ஒரு "ஊய்". பிறகு ரோட்டோரம். பிறகு தேயிலைக்குள். அவரை நடுவழியில் நிறுத்தியது சத்தமல்ல, அந்தக் குரல். இழுவையும், முடிவில் வருகிற கரகரப்பும், அதற்குப் பின்னால் ஒரு சின்ன இருமலும். அவருடைய குரல். அச்சாக அவருடையது.

தேயிலைக்குள் கேட்ட மறுநாள் பீலியடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பேச்சியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவளை நினைத்துத்தான் பயம். அந்த லயத்திலேயே முந்திக்கொண்டு பதில் கொடுக்கிறவள் அவள். கேட்டால் சும்மா இருக்கமாட்டாள்.

"வேல வாங்குற கண்டாக்கையே எதுத்துப் பேசின மனுசன்," என்று சிரித்தாள். "நண்டு ஒத்துக்கலன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

"சிரிக்காத புள்ள. பனிக்குள்ள எது கூப்பிட்டாலும் வாயத் திறக்காத. என் குரல்ல கூப்பிட்டாலும் திறக்காத."

"அப்ப நீங்கதான்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

"நான் கூப்பிடவே மாட்டேன். பேசாம வந்து கதவ மூணு தட்டு தட்டுவேன். அப்ப மட்டும் தொற. எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. ஈரக் கையோடு அவர் தலையில் அடித்தாள்.

அந்த நேரம் பீலித் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. யாரோ குறுக்கே கையை நீட்டின மாதிரி. ஒரு மூச்சு நேரம். பிறகு விழுந்தது. பின்னால் வெள்ளையாகப் பனி நின்றது.

அன்றைக்குப் பிறகு குரல் கேட்கவில்லை. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. குரைக்கிற நாய் திடீரென்று நிறுத்தினால் அது போய்விட்டது என்றா அர்த்தம்?

ஞாயிற்றுக்கிழமை லயமே காலி. எல்லாரும் அட்டனில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பேச்சியம்மா, தேயிலையைக் கவ்வாத்து வெட்டின மலையில் மிலாறுக் குச்சி கிடக்கிறது, விறகுக்கு ஒரு கட்டுக் கொண்டுவந்துவிடுகிறேன் என்று கயிற்றை எடுத்துக்கொண்டு போனாள். வெயில் இருந்தது. போகாதே என்று சொல்ல அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை.

சாயங்காலத்துக்கு முன்னாலேயே பனி வந்தது. வழக்கமாக மேலேயிருந்து இறங்குகிற பனி, அன்றைக்கு ஆற்றுப் பக்கமிருந்து ஏறி வந்தது. தேயிலையை நிரை நிரையாக விழுங்கி, கோழிக்கூட்டை விழுங்கி, வாசல் திண்ணையான இஸ்தோப்பு வரைக்கும் வந்து நின்றது, அதில் வேர் வாசமும் இல்லை, புகை வாசமும் இல்லை, வலையில் காய்ந்த மீனின் வாசம்தான் இருந்தது. கரண்டும் போய்விட்டது.

பேச்சியம்மா வரவில்லை.

கதவைச் சும்மா சாத்திவிட்டுக் கம்பைத் தட்டித் தட்டி மிலாறு மலைக்கு இறங்கினார். வாயைத் திறக்கவில்லை. இலையிலிருந்து சொட்டுகிற சத்தம். கம்புச் சத்தம். அவர் மூச்சு. கால் எதிலோ இடறியது. குனிந்து தடவினார். மிலாறுக் கட்டு. கயிறு போட்டு முடிச்சும் போட்டிருந்தது. பக்கத்தில் அவள் இல்லை.

கட்டு நனைந்திருந்தது. விரலை நக்கிப் பார்த்தார்.

உப்பு.

"பேச்சி!"

கத்திய பிறகுதான் கத்திவிட்டோம் என்று தெரிந்தது. "பேச்சி! ஏய் பேச்சி! எங்க இருக்க?" நிறுத்த முடியவில்லை. இருமல் வந்தது. மேலே, லயத்துப் பக்கம், கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

தாழ்ப்பாள் நீக்குகிற சத்தம்.

அவள் பனியைக் கண்டு கட்டை அங்கேயே போட்டுவிட்டு, குறுக்குப் பாதையில் ஏறி முன்னமே வீட்டுக்கு வந்துவிட்டிருக்கிறாள். அவர் சொன்னபடியே கதவை உள்ளே பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இப்போது திறந்துவிட்டாள்.

"தொறக்காத! பேச்சி, தொறக்காத!"

ஓடினார். விழுந்தார். கம்பு போனது. முழங்காலில் ஏறினார். படி. இஸ்தோப்பு. கதவு. தள்ளினார். தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினார். மூன்று தடவை தட்டினார். மறுபடியும் மூன்று. பிறகு இரண்டு கையாலும் அறைந்தார்.

"நான்தான் புள்ள! நல்லமுத்து! தொற!"

உள்ளே பேச்சியம்மாவின் குரல் கேட்டது. மெதுவாக, பயந்து, தன் ஆளிடம் ஒதுங்கி நின்று சொல்கிற மாதிரி.

"வந்துருச்சுங்க. நீங்க சொன்ன மாதிரியே. ஒங்க குரல்லயே கூப்பிடுது."

கதவுப் பலகை இடுக்கில் கண்ணை வைத்தார்.

குப்பி விளக்கு. அடுப்பில் கொஞ்சம் நெருப்பு. பேச்சியம்மா கதவைப் பார்த்தபடி நின்றாள். முந்தானையை அள்ளி வாயைப் பொத்தியிருந்தாள். அவளுக்குப் பின்னால், அவருடைய பலகையில், அவருடைய கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. கம்பளியிலிருந்து தண்ணீர் வழிந்தது. வழிந்த இடத்தில் வெள்ளையாக மணல் குவிந்திருந்தது. கோப்பையைப் பிடித்த கை வெளியே தெரிந்தது. ஊறி ஊதிப்போன வெள்ளைக் கை. விரல்களில் நகம் இல்லை.

"பேச்சி, திரும்பிப் பாரு! ஒரு தடவ திரும்பிப் பாரு!"

அவள் தலையை ஆட்டினாள். மாட்டேன் என்று. கதவைப் பார்த்தேதான் ஆட்டினாள். கண்ணில் தண்ணீர். சத்தியம் பண்ணினவள். வாயைத் திறக்கவில்லை.

கம்பளிக்குள் இருமல் வந்தது. அவருடைய இருமல்.

"அது கெடக்கு, விடு," என்றது அவருடைய குரல். "இங்க வா புள்ள. தேத்தண்ணியில உப்புப் பத்தல."

கதவுக்கடியில் தண்ணீர் கசிந்து வந்து அவருடைய காலை நனைத்தது. காலுக்கடியில் மண் உருவிக்கொண்டு போனது.

உள்ளே பேச்சியம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, உப்பு டப்பாவோடு அதன் பக்கம் திரும்பினாள்.