மூன்றாவது வரியில் பேச்சி

குரங்கணிக்கு மேலே இருக்கும் எங்கள் ஏலத்தோட்ட ஆபீசுக்குக் கார்முகில் மறுபடியும் வந்தபோது மதியமே மூடுபனி இறங்கியிருந்தது. போடியில் கம்ப்யூட்டர் சோலி பார்க்கிறவர். சொன்னால் கேட்கவே மாட்டார். அவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களிடம் ஒவ்வொரு ஜீப்புக்கும் ஓர் எக்செல் தாள் உண்டு. முதல் வரி தோட்டத்தின் பெயர், அடுத்தது ஜீப்பு நம்பர். மூன்றாவது வரியில், ஊரில் பெண்களை வேலைக்குத் திரட்டி அழைத்துவருகிறவளின் பெயர். அது அவளுக்கு நாங்கள் காட்டும் மரியாதை. அதன் கீழே பெயர், ஊர் என்று தலைப்புகள். பிறகுதான் மற்ற ஆட்கள்.

போன வருடம் இந்தத் தாள்களை டேட்டாபேஸில் ஏற்றியபோது, முதல் நான்கு வரிகளைத் தள்ளிவிடும்படி கார்முகில் அமைத்தார்.

"அண்ணே, மூணாவது வரி ஆளுண்ணே," என்றேன்.

"எல்லாம் தலைப்புதான் யாஸ்மின். உள்ள விட்டா குப்பையாயிரும். பேசாம இரு."

ஐப்பசி அடைமழையில் மலை சரிந்தது. ராசிங்காபுரத்துப் பேச்சியைக் காணோம் என்று அவள் ஜீப்பில் திரட்டி வந்த பெண்கள் கதறினார்கள். கார்முகில் திரையைத் திருப்பி அதிகாரிகளிடம் காட்டினார். "கணக்கு சரியா இருக்கு சார். அப்படி ஒரு ஆளே இல்ல."

தேடுவதை நிறுத்தினார்கள். பிறகு மண்ணை அள்ளியபோது பேச்சி கிடைத்தாள். விரல்களில் நகமே இல்லை. நெடுநேரம் உயிரோடு தோண்டியிருக்கிறாள், பாவி மகள்.

இப்போது புது ஆட்களின் தாளை ஏற்ற வந்திருக்கிறார்.

ஏற்றினார். முதல் பெயராக 'பேச்சி' வந்தது.

"செத்தவ பேரை யாரு இதுல வச்சது?"

தாளில் அந்தப் பெயரே இல்லை. தள்ளும் வரிகளில் இன்னும் ஒன்றைக் கூட்டினார். மறுபடியும் பேச்சி. இன்னொரு வரி. பேச்சி.

எப்போதும் ஏலக்காய் மணக்கும் அறையில் ஈர மண் நாறியது.

மேசைக்கு அடியில் ஏதோ சுரண்டியது.

"எலியா இருக்கும்," என்றார்.

"வெரசா கிளம்புங்கண்ணே," என்றேன். ஜீப்பில் ஏறுகிற எவரையும் தாளில் சேர்ப்பது அந்தச் சரிவுக்குப் பிறகு வந்த வழக்கம். அவர் பெயரைக் கடைசி வரியில் நானே அடித்து, டேட்டாபேஸில் ஏற்றினேன்.

டிரைவர் சுருளிவேல் அண்ணன் தலை எண்ணினார். சரியாக இருந்தது. நான் முன்னால் உட்கார்ந்தேன். கார்முகில் பின்னால், பெண்களுக்கு நடுவே. மூடுபனியில் பின்னால் யாரும் தெரியவில்லை.

குரங்கணியில் இறங்கினோம். அண்ணன் மறுபடி எண்ணினார்.

"ஆளு சரியா இருக்கு ஆத்தா."

கார்முகில் இல்லை.

அவர் இடத்தில் ஈர மண் கிடந்தது. பக்கத்தில் இருந்த ரேணுகா கண்ணைத் திறக்கவேயில்லை.

"பேச்சியக்கா ஏறுச்சு," என்று முணுமுணுத்தாள். "அவரை எறக்கிவிட்டுட்டு அந்த எடத்துல உக்காந்துச்சு."

தேட ஆட்கள் வந்தார்கள். அதிகாரி முதலில் திரையைத்தான் பார்த்தார். அன்று ஏறியவர்கள் எல்லோரும் இறங்கியிருந்தார்கள். கார்முகில் என்ற பெயர் அதில் இல்லை.

"கணக்கு சரியா இருக்கும்மா," என்றார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். மழை வலுத்தது, ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் ஆபீசில் தாளைத் திறந்தேன். கடைசி வரியில் நான் அடித்த அவர் பெயர் மூன்றாவது வரியில் நின்றது. வெட்டிக் கீழே ஒட்டிச் சேமித்தேன். திறந்தால் மறுபடியும் மேலே.

மேசைக்கு அடியில் இன்றும் சுரண்டுகிறது. கூடவே, மண்ணுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஓர் ஆண் குரல் கெஞ்சுகிறது.

"யாஸ்மின்... மூணாவது வரி ஆளும்மா."